நெற்றியில் வைத்துப் பார்த்த காசு

பேய், பிசாசு, சகுனம், கழிப்பு என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால் முகத்தில் அடித்த மாதிரி ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். அது என் சுபாவம், கொழிஞ்சாம்பாறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் தென்னந்தோப்பின் மேற்கு மூலையில் முனி இருக்கிறது என்று வேலையாட்கள் அந்தப் பக்கம் தேங்காய் பொறுக்கவே போகாமல் இருந்தார்கள், நான் அங்கேதான் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மத்தியானம் தூங்குவேன், ஒரு முனியும் வந்து என் காலைப் பிடித்து இழுத்ததில்லை. அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள், எனக்கு ஒன்றும் கோபமில்லை. பாதியில் சிரித்தால் மட்டும் கோபம் வரும்.

தோப்பு எனக்குச் சோறு போடுகிறது. பைத்தியம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது பழைய வெள்ளைக்காரக் காசுதான். இந்தியாவில் அடித்த ராணி ரூபாய், ராஜா ரூபாய் எல்லாம் எல்லோரிடமும் இருக்கும், நான் தேடுவது இங்கிலாந்திலேயே அடித்து, துரைமார் சட்டைப்பையில் கப்பலேறி வந்து, இங்கே மலைத் தோட்டங்களில் தங்கிப்போன காசுகள். பார்த்தவுடன் எந்தக் காலத்தது, அசலா போலியா, என்ன பெறும் என்று சொல்லிவிடுவேன் என்பதால் ஊர் ஊராக ஆட்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள், பத்துக்கு ஒன்பது குப்பை. ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு கோடிக்குப் போகுமாமே என்று கேட்பான் ஒருவன், அது கோயில் வாசலில் விற்கிற வில்லை, கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை என்றால் நம்மைத் திருடன் மாதிரிப் பார்ப்பான். இன்னொருவன் நல்ல காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவான், அவனை நான் அடிக்காமல் விடுவதே பெரிய காரியம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். காந்தம் வைத்துப் பார்த்து, சின்னத் தராசில் எடை போட்டு, லென்ஸில் விளிம்பைப் பார்த்து, எல்லாம் சரி என்று ஆன பிறகும் கடைசியாகக் காசை ஒரு கணம் நெற்றியில் ஒட்டிப் பார்ப்பேன். நல்ல வெள்ளி தோலின் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும், ஜில்லென்று ஓர் இழுப்பு தெரியும், மட்டமான கலப்பு அப்படி இழுக்காது. விரலில் வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள், தேங்காய் உரித்து உரித்துக் காய்த்துப்போன விரலுக்கு என்ன தெரியும்? கூட்டாளிகள் எல்லாம் இவர் காசுக்குக் கும்பிடு போடுகிறார் என்று கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் மழை விட்ட கையோடு ஆரோக்கியராஜ் என்று ஒருவன் படம் அனுப்பினான். இடுக்கியில் சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டம், தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். படத்தைப் பார்த்ததும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவவில்லை. விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்து கிரவுன், உள்ளங்கையை அடைக்கிற பெரிய வெள்ளி, ஒரு பக்கம் கிழவியாகி முக்காடு போட்ட ராணி, மறுபக்கம் குதிரை மேல் இருந்து பூதப் பாம்பைக் குத்துகிற புனிதர் ஜார்ஜியார். மறுநாளே பொள்ளாச்சி போய் பஸ் மாறி, கம்பத்தில் இறங்கித் தங்கி, அடுத்த நாள் ஜீப் பிடித்து மலையேறிவிட்டேன்.

அந்த ஊரில் காலை வைத்ததிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம்தான், ஆனால் மூடுபனி இறங்கி வெளிச்சமே அழுக்காக இருந்தது. கங்காணி ஞானப்பிரகாசம் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்ற பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வழி கேட்டவனுக்குப் பதில் சொன்னால் வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? கடைசியில் ஆரோக்கியராஜே ரோட்டுக்கு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

முன்னறையில் ஒரு மேஜை, மாதா படம், பக்கத்து அறைக்குக் கதவு இல்லாமல் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒருவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம், கேட்கவே முடியவில்லை.

"அப்பாதான் அண்ணாச்சி. மாசக்கணக்கா இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாக. எப்ப கண்ண மூடுவோம்னு அவரே அழுதாரு. இன்னைக்குச் சாயந்தரம் முடிஞ்சிரும்."

டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "ஏனப்பா, பெத்த அப்பன் உசுருக்குத் தவிச்சுட்டு இருக்கறாரு, இந்த நேரத்துலயா காசு பாக்கக் கூப்பிடுவே? நீயெல்லாம் மனுசனா?"

"இன்னைக்கு விட்டா அது என் கைக்கு வராது அண்ணாச்சி. காரியம் முடிஞ்சதும் அக்கா வாங்கிப் பூட்டி வச்சிரும். அது கோயிலுக்குப் போயிருக்கு, வரங்குள்ள பாத்து வெலைய மட்டும் சொல்லுங்க."

சரி, அவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தேன். எடை சரியாக நின்றது. காந்தம் திரும்பியும் பார்க்கவில்லை. விளிம்பைச் சுற்றி ஓடுகிற எழுத்தில்தான் போலி அடிக்கிறவன் மாட்டுவான், இதில் ஒவ்வோர் எழுத்தும் கத்தி மாதிரி இருந்தது. அசல். ஆனால் ஒன்று இடித்தது. காசு கை மாறிக் கை மாறித் தேய்ந்தால் இரண்டு பக்கமும்தான் தேயும். இதிலோ குதிரையும் ஜார்ஜியாரும் வழவழவென்று கூழாங்கல்லாகிவிட்டார்கள், குதிரையின் தலை எங்கே என்றே தெரியவில்லை, திருப்பினால் ராணி நேற்று அடித்த மாதிரி இருக்கிறாள், முக்காட்டின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தேய்மானத்தை நான் பார்த்ததில்லை. இதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், அவன் அக்கா வருகிறாளா என்று வாசலை எட்டிப் பார்த்தான்.

வழக்கம்போலக் கடைசியில் ராணி பக்கத்தை என் நெற்றியில் ஒட்டினேன்.

ஜில்லென்று இழுத்தது. அதுவரை சரி. ஆனால் அந்த இழுப்பு ஒரு கணத்தில் நின்றுவிடும், காசும் தோலும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், எப்போதும் அப்படித்தான். இது நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. கை, தோள், கழுத்து என்று சூடு மேலேறி நெற்றி வழியாகப் போவது எனக்குத் தெரிந்தது, நான் கையை எடுத்துவிட்டேன், காசு விழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவன் நெற்றியில் அவ்வளவு கனமான காசு எப்படி ஐயா நிற்கும்? வேர்வை என்று சொல்லாதீர்கள், அந்தக் குளிரில் ஏது வேர்வை.

அப்போதுதான் கவனித்தேன், திரைக்குப் பின்னால் மரம் அறுக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

வாசலில் தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள், ஆரோக்கியராஜின் அக்கா ஸ்டெல்லா, பின்னால் எஸ்டேட் குடியிருப்பான லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் ஜெபமாலை. என் நெற்றியைப் பார்த்ததும் அவள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி! ஏலே ஆரோக்கியம், யாருலே இந்த ஆளு? அப்பாவுக்கு வைக்க வேண்டியத இவன் நெத்தியில எதுக்குலே வைக்க விட்ட?"

நான் காசைப் பிய்த்தேன், பிய்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், தோலோடு வருகிற மாதிரி வலித்தது. மேஜையில் வைத்துவிட்டு, "ஒண்ணும் ஆகலீங்க, வெள்ளியான்னு பாத்தேன், அவ்வளவுதானுங்க" என்றேன்.

"என்னய்யா அவ்வளவுதான்? எங்க வீட்டுல உசுரு போகாம இழுத்துக்கிட்டுக் கெடந்தா இதத்தான் நெத்தியில வைப்போம். குதிர மேல இருக்க புண்ணியவாளன் மேல பாக்க வச்சு ஆளாளுக்கு முத்தம் குடுத்து, தொடைச்சுத் தொடைச்சு அடுத்த ஆளுக்கு விடுவோம். ஜெபமாலை முடியங்குள்ள நோகாம போயிரும். எங்கம்மா அப்படித்தான் போச்சு, பெரியப்பா அப்படித்தான் போனாரு. ஒருத்தருக்கு வச்சிட்டா அவுக போற வரைக்கும் இன்னொருத்தர எடுக்காது. எங்கப்பாவுக்கு இன்னைக்குன்னு சொல்லி வச்சிருந்தோம்யா! இனி அவரு என்ன செய்வாரு?"

குதிரை தேய்ந்ததும் ராணி தேயாததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது, அத்தனை வாய்கள். பிணத்துக் காசு என்று தெரிந்தால் நான் கையால் தொடமாட்டேன் என்றுதான் அந்த ராஸ்கல் மறைத்திருக்கிறான்.

ஸ்டெல்லா காசை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி உள்ளே ஓடினாள், எல்லோரும் பின்னால் போனார்கள், நானும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். அவர் நெற்றியில் காசை வைத்தாள். சரிந்து தலையணையில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. படுத்திருக்கிறவர் நெற்றியில் நிற்கவில்லை, உட்கார்ந்திருந்த என் நெற்றியில் நின்ற காசு. அவர் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார். அவ்வளவு வெறுப்போடு என்னை யாரும் பார்த்ததில்லை, எனக்கும் ஊரில் எதிரிகள் உண்டு.

"என் எடத்துல அவன் படுத்துட்டான்" என்றார். "அவன் முடியாம எனக்கு முடியாது."

நான் பையை எடுத்தேன். கிளம்பலாம் என்று திரும்பினால் ஆரோக்கியராஜ் வாசல் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டான், சத்தியமாகச் சொல்கிறேன், என்னைக் கூப்பிட்ட அதே ஆள். லயத்து ஆட்கள் சுவரோரத்து பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டார்கள், ஒரு பெண் அதன் மேல் வெள்ளை வேட்டியை விரித்தாள், தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. எங்கே போவாய் என்கிற மாதிரி சுற்றி உட்கார்ந்தார்கள்.

"படுங்க அண்ணாச்சி" என்றாள் ஸ்டெல்லா, இப்போது மரியாதையாக. "நோகாது. சீக்கிரம் முடிஞ்சிரும். எங்கப்பா பாவம்ல."

"மண்டை கிண்டை கழண்டு போச்சா உங்களுக்கு? நான் கல்லாட்ட இருக்கறேன்! கதவத் தொறங்க, போலீசுக்குப் போன் பண்ணுவேன்!"

அவர்கள் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள், யாரும் கண்ணை மூடவில்லை. நான் கத்திய கத்தல் எல்லாம் அந்த முணுமுணுப்புக்குள் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் என் பாதம் இரண்டும் மரத்துப்போயிற்று, பயத்தில் என்பீர்கள், சரி பயம்தான், ஆனால் குளிர் முழங்காலுக்கு வந்தபோது நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன், என் கால் என் கைக்கு வேறு யார் காலோ மாதிரி இருந்தது. அதற்குமேல் என்ன மரியாதை? பெஞ்சை எட்டி உதைத்தேன், மெழுகுவத்தி விழுந்து வேட்டி பற்றியது, எல்லோரும் அதை அணைக்க எழுந்த சந்தில் அடுக்களைக்குள் பாய்ந்து பின்கதவை இடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடினேன். தராசு, லென்ஸ் எல்லாம் அங்கேயே போயிற்று.

ரோட்டில் ஒரு ஜீப் நின்றது. ஏறி உட்கார்ந்து, கம்பம் போப்பா, சீக்கிரம் போ என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், வண்டியை எடுத்தான், நடக்கிற வேகத்தில். சீக்கிரம் போடா என்று கத்துகிறேன், அவன் முன்கண்ணாடியையே பார்த்தபடி ஊர்கிறான். அப்போதுதான் பார்த்தேன், நாங்கள் வர வர ஒவ்வொரு கடையிலும் ஷட்டரைப் பாதி இறக்குகிறார்கள். சவ ஊர்வலம் போகும்போது இறக்குவார்களே, அப்படி. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார், ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஆனால் யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா போன் போட்டுச் சொல்லியிருப்பாள், ஊரே சேர்ந்து மிரட்டுகிறது என்றுதான் நானும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி, மலைக்குக் கீழே கம்பத்தில் யார் போன் போட்டது? அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் தண்ணீர் கேட்டு நுழைந்தேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து, சட்டினி அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தச் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள், நான் வெளியே போகும்வரை அப்படியே. பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தார்கள். பொள்ளாச்சி தாண்டின பிறகுதான் ஒரு ஆள் வந்து, கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்றான், அவனைக் கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவி சாந்தாமணியிடம் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவள் என்னைவிடப் பெரிய நம்பாத ஆள். "ஏனுங்க, பனியில அலைஞ்சுட்டு வெறும் வவுத்துல இருந்தா அப்படித்தானுங்க தோணும்" என்றாள். சொல்லிவிட்டுச் சாமி அறைக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினாள். பூசியவள் அப்படியே நின்றாள். இரண்டு பக்கமும் திருநீறு பிடித்திருக்கிறது, நடுவில் வட்டமாகப் பிடிக்கவில்லை, உதிர்ந்து விழுகிறது. தண்ணீரில் குழைத்துப் பூசினாள், காய்ந்ததும் அந்த வட்டம் மட்டும் உதிர்ந்தது. தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். இப்போது வேண்டுமானாலும் பூசிப் பாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஞானப்பிரகாசம் இன்னும் சாகவில்லை. அதுதான் விஷயம். அதே கட்டிலில், அதே இழுப்பு, புண் வைத்துவிட்டது என்று ஆரோக்கியராஜ் ஒருமுறை போனில் அழுதான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நம்பரைத் தடுத்துவிட்டேன். ஸ்டெல்லா விடமாட்டாள், ஒவ்வொரு தரமும் ஒரு புது நம்பர். சண்டை போடமாட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"நல்லாத்தான் இருக்கறேன். இன்னும் முப்பது வருசம் இருப்பேன், போய் உங்கப்பன்கிட்ட சொல்லு!"

பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்காராம்ப்பா என்று அவள் சொல்வது கேட்கும். அந்தப் பக்கம் ஒரு கிழவர் அழுவது கேட்கும். நானும் பாவம் பார்க்கிறவன்தான், ஆனால் அவருக்காக நான் செத்துப்போக முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். நல்ல காய்ச்சல், எலும்பெல்லாம் உடைகிற வலி, திரும்பிப் படுக்க முடியவில்லை. போன் அடித்தது, சாந்தாமணி எடுத்தாள், யாரோ காசு விஷயமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவருக்கு ரெண்டு நாளா காய்ச்சலுங்க, எந்திரிக்கவே முடியலைங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம், ஆட்கள் உட்காருகிற சத்தம், அருள் நிறைந்த மரியே என்று ஸ்டெல்லா குரல் எடுக்க மற்றவர்கள் தொடர்ந்தார்கள். சாந்தாமணிக்குப் புரிந்துவிட்டது, போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள், அது உடைந்து கீழே விழுந்தது, உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். காய்ச்சல் பிறகு தானாக விட்டது, இதோ உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அந்த ஜெபம் காதில் விழுந்த நேரம் எனக்கு வலி இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. அவ்வளவு சுகம், அப்படி ஒரு சுகத்தை நான் இந்த வயதுக்கு அனுபவித்ததில்லை. அவள் போனைப் பிடுங்கக் கை நீட்டியபோது, வேண்டாம், அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லட்டும் என்று நான் அவள் கையைப் பிடிக்கத்தான் பார்த்தேன்.